கலங்கரை விளக்கம்: எங்கள் மொட்டைமாடியில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருட்டிய பிறகு, கொடிக்கயிற்றில் வெள்ளை வேட்டியைக் கட்டி அதன்மேல் கலங்கரை விளக்கங்களின் படங்களைப் போட்டுக் காட்டுவேன். தெருப் பிள்ளைகள், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் என்று பலரும் வந்து உட்காருவார்கள். படம் மாறும், ஆட்கள் மாறுவார்கள், சந்தேகங்கள் மட்டும் அதேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே குறித்துவைத்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

"லைட் அவுஸ்னா கப்பலை இங்க வான்னு கூப்பிடுறது, அவ்ளோதானே அண்ணா?"

பாதி சரி. துறைமுகத்து விளக்கு கூப்பிடும். நடுக்கடல் பாறைமேல் நிற்கிற விளக்கு, கிட்டே வராதே என்று விரட்டும். இரண்டுக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. இருட்டில் வருகிற மாலுமிக்கு, "நீ இப்போது இங்கே இருக்கிறாய்" என்று சொல்வது. இடம் தெரிந்துவிட்டால் எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அவரே பார்த்துக்கொள்வார். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பல பதில்கள் எளிதாக விளங்கும்.

"கலங்கரைனா கலங்கின கரையா? புயல்ல கலங்கிப்போன கரைக்கு விளக்கு வைக்கிறதா?"

பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கேட்டது. அழகான ஊகம்தான், ஆனால் சொல் வேறு மாதிரி பிரிகிறது. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் கூப்பிடுதல். காகம் கரைகிறது என்கிறோமே, அதே கரைதல். கலத்தைக் கூப்பிடுகிற விளக்கம்.

பெரும்பாணாற்றுப்படையில் இது படம் பிடித்தமாதிரி வருகிறது. வானத்துக்கு முட்டுக்கொடுத்ததுபோல உயர்ந்த மாடம், ஏறுவதற்குச் சாத்திய ஏணி, மேலே கூரை வேயாத தளம், அதில் இரவில் மூட்டிய தீ. அந்தத் தீ "ஓடுகலம் கரையும் துறை" என்கிறது பாட்டு. அந்தத் துறை இன்றைய மாமல்லபுரம் பக்கம்தான் என்று கருதுகிற அறிஞர்கள் உண்டு. சிலப்பதிகாரத்தில் "கலங்கரை விளக்கம்" என்ற சொல்லே இருக்கிறது. நாம் இன்று சொல்லும் பெயர் அவ்வளவு பழையது என்று தெரிந்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"மெட்ராஸ்ல மட்டும் ஏன் நாலு லைட் அவுஸ்? ஒண்ணு போதாதா?"

நான்கும் ஒரே நேரத்தில் எரியவில்லை. ஒன்றுக்குப் பதிலாக அடுத்தது வந்தது. முதலாவது 1796-இல், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மேல்தளத்தில் வைக்கப்பட்டது. தேங்காய் எண்ணெயில் எரிந்த விளக்குகள். இரண்டாவது, உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் கருங்கல் தூண். 1844 ஜனவரி 1 அன்று எரியத் தொடங்கியது. கிரேக்கக் கோயில் தூண் ஒன்றைத் தனியே பிடுங்கி நட்டதுபோல இருக்கும். பாரிமுனையில் தினம் பஸ் ஏறுகிறவர்களில் பலருக்கு அது விளக்குத் தூண் என்பதே தெரியாது.

உயர் நீதிமன்றக் கட்டடம் எழும்பிய பிறகு அதன் உச்சிக் கோபுரமே வசதியாகிவிட்டது. 1894-இல் விளக்கு அங்கே ஏறியது, 1977 வரை அங்கேயே சுற்றியது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "கோர்ட்டு லைட்டு" என்று சொல்வது இதைத்தான். நான்காவது, மெரினாவின் தென்கோடியில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட முக்கோணக் கோபுரம். 1977 ஜனவரியில் வேலைக்கு வந்தது. சுமார் 45 மீட்டர் உயரம், உள்ளே லிஃப்ட் உண்டு.

வடசென்னைக்காரனாக எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. சுமார் 180 வருடம் விளக்கு கோட்டைக்கும் பாரிமுனைக்கும் இடையிலேயே, நம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இப்போது அதைப் பார்க்க நாம் தெற்கே போக வேண்டியிருக்கிறது.

"நம்ம கரை மணல்தானே? பாறையே இல்லையே, இங்க எதுக்கு விளக்கு?"

கப்பலைக் கெடுக்கப் பாறைதான் வேண்டும் என்பதில்லை. நம் கரை ஆழமில்லாதது, அலை உடைகிற கரை. துறைமுகம் வருவதற்கு முன்பு கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரைக்கு வரவேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை தூக்கி அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. துறைமுக வேலை 1870-களில் தொடங்கியது. பாதி முடிந்த சுவர்களை 1881 புயல் பெயர்த்துப் போட்டது. எளிமையான கரை என்று இதை யாரும் சொல்ல முடியாது.

இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு. கரையிலிருந்து வெகுதூரம் வரை கடலுக்கடியில் மணல்திட்டு. மேலே தண்ணீர் தெரியும், அடியில் தரை தட்டும். அதற்காகவே 1859-இல் அங்கே விளக்கு வைத்தார்கள். இப்போதிருப்பது பிற்காலக் கோபுரம். பக்கத்து மீனவர் குடியிருப்புக்கு லைட் ஹவுஸ் குப்பம் என்றே பெயர்.

"நடுக்கடல்ல, தண்ணிக்குள்ள இருக்கிற பாறை மேல எப்படிக் கட்டுனாங்க சார்?"

மொட்டைமாடியில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். எனக்கும் பிடித்த கேள்வி.

இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் எடிஸ்டோன் என்ற பாறைக்கூட்டம் இருக்கிறது. 1698-இல் ஹென்றி வின்ஸ்டன்லி என்பவர் அதன்மேல் முதல் கோபுரத்தைக் கட்டினார். 1703 நவம்பரில் பெரும்புயல் அடித்தபோது அவர் அதற்குள்ளேயே இருந்தார். விடிந்தபோது கோபுரமும் இல்லை, அவரும் இல்லை. அடுத்து மரத்தாலான கோபுரம் 1709-இல் வந்து, 1755-இல் தீப்பிடித்து எரிந்தது. மூன்றாவதாக வந்தவர் ஜான் ஸ்மீட்டன். ஓக் மரத்தின் அடி அகன்றிருப்பதைப்போலக் கோபுரத்தின் அடியை அகலமாக வைத்தார். தச்சர்கள் மரத்தைக் கோத்துப் பிணைப்பார்களே, அதேபோல் ஒவ்வொரு கருங்கல்லையும் பக்கத்துக் கல்லோடு பூட்டினார். தண்ணீருக்கடியிலும் இறுகுகிற சுண்ணாம்புக் கலவையைத் தேடிப் பிடித்தார். 1759-இல் எரிந்த அந்த விளக்கு நூற்றிருபது வருடம் நின்றது.

அடுத்தது ஸ்காட்லாந்தின் பெல் ராக். கடல் ஏற்றத்தின்போது முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும் பாறை. நீர் வற்றும் சில மணி நேரம்தான் வேலை. 1807 செப்டம்பரில் ஒரு நாள், வேலையாட்களை அழைத்துவந்த கப்பல் காற்றில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. பாறைமேல் 32 பேர். இருந்த இரண்டு சிறு படகுகளிலும் அத்தனை பேருக்கும் இடமில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. அங்கே வேலையை நடத்திய பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாக்கு உலர்ந்து பேச்சு வரவில்லை. குனிந்து பாறைக் குழியில் இருந்த தண்ணீரை அள்ளி வாயை நனைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் "படகு! படகு!" என்று ஒரு குரல். கடிதம் கொண்டுவந்த படகு தற்செயலாக அங்கே வந்து சேர்ந்தது. அந்தக் கோபுரம் 1811 பிப்ரவரியில் எரிய ஆரம்பித்து, இன்றும் நிற்கிறது.

பிரான்சின் ஆர்-மென் பாறையில் இதைவிடக் கடினம். 1867-இல் முதல் வருடம் முழுக்க ஏழு முறைதான் பாறையில் கால்வைக்க முடிந்தது. மொத்த வேலை நேரம் எட்டு மணி. விளக்கு எரிய 1881 ஆனது.

"அலை அவ்ளோ பெருசா அடிச்சா கோபுரம் சாஞ்சிடாதா?"

மேலே சொன்ன அகன்ற அடியும் கல் பூட்டும்தான் பதில். உருண்டையான சுவரில் அலை முழு பலத்தோடு மோதாமல் இரண்டு பக்கமும் வழுக்கிப் போகும். கீழ்ப்பகுதியில் அறையே கிடையாது, கெட்டிக் கல். ஆனால் விழுந்தவையும் உண்டு. அமெரிக்காவின் மைனாட்ஸ் லெட்ஜில் இரும்புக் கால்களின்மேல் நிறுத்திய விளக்கு 1851 ஏப்ரல் புயலில் சரிந்து, உள்ளே இருந்த இரண்டு உதவியாளர்கள் இறந்தார்கள். பிறகுதான் அங்கே கருங்கல் கோபுரம் வந்தது.

ஸ்மீட்டனின் கோபுரம் விழவே இல்லை. அதன் அடியிலிருந்த பாறையைக் கடல் அரித்ததால் 1882-இல் பக்கத்தில் புதியதைக் கட்டினார்கள். பழையதன் மேல்பாதியைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுபோய் பிளிமத் ஊருக்குள் மறுபடி நிறுத்தினார்கள். அடிப்பாகம் இன்றும் கடலில் இருக்கிறது. ஒரு கட்டடத்துக்கு மக்கள் செய்த மரியாதை அது.

"உள்ள இருக்கிற பல்பு சின்னதாமே? அப்புறம் எப்படி அவ்ளோ தூரம் தெரியுது?"

விளக்கைச் சுற்றியிருக்கும் கண்ணாடிதான் காரணம். சாதாரண விளக்கின் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறி, வானத்துக்கும் தரைக்கும் வீணாகப் போகும். பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனல், வளையம் வளையமாகச் செதுக்கிய பட்டகக் கண்ணாடிகளை அடுக்கி, அந்த வெளிச்சத்தை ஒரே திசையில் கற்றையாகத் திருப்பினார். 1823-இல் பிரான்சின் கோர்துவான் விளக்கில் அது முதன்முதலில் ஏறியது. பெரிய வகைக் கண்ணாடிக்கூடு ஆள் உயரத்தையும் தாண்டும், உள்ளே நுழைந்து நிற்கலாம்.

கோபுரம் உயரமாக இருப்பதற்குக் காரணம் பூமியின் வளைவு. 45 மீட்டர் உயரத்து விளக்கு சுமார் 25 கிலோமீட்டர் வரை கடல்மட்டத்தில் தெரியும். படகில் நிற்கிறவரின் கண் இரண்டு மீட்டர் மேலே இருந்தால் இன்னும் ஐந்து கிலோமீட்டர் கூடும். அதற்கும் அப்பால் விளக்கு தெரியாது, ஆனால் வானத்தில் அதன் வெளிச்சம் சுற்றுவது தெரியும். "லைட்டு தெரியறதுக்கு முன்னாடி லைட்டோட வெள்ளை தெரியும்" என்று காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார். நான் எழுதியதில் இதைவிடத் தெளிவான வாக்கியம் இல்லை.

"எல்லாமே வெள்ளை லைட்டு. எது எந்த ஊருன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

ஒவ்வொன்றும் கண் சிமிட்டுகிற கணக்கு வேறு. எடிஸ்டோன் பத்து விநாடிக்கு இரண்டு முறை சிமிட்டும். பக்கத்து ஊர்களுக்கு ஒரே கணக்கு கொடுக்க மாட்டார்கள். மாலுமி கையில் கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்துப் பட்டியலோடு ஒப்பிடுவார். மேலே சொன்ன மைனாட்ஸ் லெட்ஜ் 1894 முதல் ஒன்று, நான்கு, மூன்று என்று சிமிட்டுகிறது. இதைச் சொன்னதும் மொட்டைமாடியில் பிள்ளைகள் கத்திய கத்தல் தெரு முனை வரை கேட்டது. அமெரிக்காவிலும் அதற்கு அவர்கள் நினைத்த அதே அர்த்தம்தான், "ஐ லவ் யூ".

பகலில் சிமிட்டல் தெரியாது. அதற்குத்தான் மெரினாவில் இருப்பதுபோன்ற பட்டைகள், கட்டங்கள், நிறங்கள்.

"கரண்டே இல்லாத காலத்துல அதை யார் சுத்திவிட்டது?"

சுவர்க்கடிகாரம் ஓடுவதைப்போலத்தான். கோபுரத்தின் நடுவில் எடைக்கல் ஒன்று மெல்லக் கீழே இறங்கும், அந்த இழுப்பில் பல்சக்கரங்கள் ஓடிக் கண்ணாடிக்கூட்டைச் சுற்றும். கல் கீழே வந்துவிட்டால் காவலர் மறுபடி முறுக்கி மேலே ஏற்ற வேண்டும். இரவெல்லாம் இதுதான் வேலை. பிற்பாடு டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடிக்கூட்டைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். விரலால் தள்ளினால் நகரும்.

"தனியா இருந்து இருந்து பைத்தியம் பிடிச்சிடுமாமே?"

பாதரச ஆவி நரம்பைக் கெடுக்கும் என்பது உண்மை. தனிமையும் உண்மை. வேல்ஸ் கரையின் ஸ்மால்ஸ் பாறையில் 1800 வாக்கில் இரண்டு காவலர்களில் ஒருவர் இறந்துபோனார். கடலில் போட்டால் கொலைப்பழி வருமோ என்று மற்றவர் பயந்து, பெட்டி செய்து உடலை வெளியே கட்டிவைத்தார். புயலால் படகு வர வாரக்கணக்கில் ஆனது. அத்தனை நாளும் அவர் விளக்கை அணையவிடவில்லை. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட இடங்களில் மூன்று பேர் இருக்கவேண்டும் என்ற வழக்கம் வந்தது.

பைத்தியக் கதைகளையே எல்லோரும் கேட்கிறார்கள். திரியை வெட்டுவது, எண்ணெய் சுமப்பது, கண்ணாடி துடைப்பது என்று முறை போட்டு, ஒரு குறையும் இல்லாமல் முப்பது வருடம் வேலை செய்துவிட்டு ஓய்வுபெற்றவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். அவர்களைப் பற்றியும் கேளுங்கள்.

"பொம்பளைங்க யாரும் இந்த வேலை பார்க்கலையா?"

பார்த்தார்கள். 1838 செப்டம்பரில் இங்கிலாந்தின் லாங்ஸ்டோன் விளக்கிலிருந்து, காவலரின் மகள் கிரேஸ் டார்லிங், 22 வயது, புயலில் அப்பாவோடு துடுப்புப் படகில் போனார். உடைந்த கப்பலில் தப்பிப் பாறையில் ஒண்டியிருந்த ஒன்பது பேரும் அதனால் பிழைத்தார்கள். அமெரிக்காவின் லைம் ராக்கில் ஐடா லூயிஸ் 1879-இல் முறைப்படி காவலராகவே நியமிக்கப்பட்டார்.

"ஸ்காட்லாந்துல மூணு பேர் மாயமாப் போனது பேய் வேலைதானே?"

ஃபிளானன் தீவு விளக்கைக் கேட்கிறீர்கள். 1900 டிசம்பர் 26 அன்று பொருள்கள் கொண்டுவந்த கப்பல் போய்ப் பார்த்தபோது மூன்று காவலர்களும் இல்லை. அது உண்மை. பாதி சாப்பிட்ட சாப்பாடு, கவிழ்ந்த நாற்காலி, பயந்து அழுததாக எழுதிய நாட்குறிப்பு எல்லாம் பின்னால் கவிதையிலும் பத்திரிகையிலும் சேர்ந்தவை.

விசாரித்த அதிகாரி பார்த்தது வேறு. மேற்குப் படித்துறையில், கடலுக்கு மேலே நூறடிக்கும் அதிக உயரத்தில் இருந்த பொருள்பெட்டியை அலை உடைத்துப் போட்டிருந்தது. இரண்டு பேரின் மழையங்கிகள் இல்லை, ஒருவருடையது மட்டும் மாட்டியபடியே இருந்தது. கயிறுகளைக் காப்பாற்றப் போனவர்களை அலை இழுத்திருக்கும் என்பதே அவர் முடிவு. பேயைவிட எனக்கு அந்த மூன்றாவது மழையங்கிதான் மனதைப் பிசைகிறது. அவர் அதைப் போட்டுக்கொள்ளக்கூட நிற்காமல் ஓடியிருக்கிறார்.

"எம்டன் வந்தப்ப நம்ம லைட் அவுஸைத்தான் குறி வச்சானாமே?"

குறி எண்ணெய்த் தொட்டிகள்தான். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அரைமணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். அவற்றில் சில உயர் நீதிமன்ற வளாகத்தில் விழுந்ததால், மேலே இருந்த விளக்கும் கதையில் சேர்ந்துகொண்டது. அங்கே கல்வெட்டுப் பலகை இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்" என்ற பேச்சு அன்றிலிருந்து நம்மிடம் தங்கிவிட்டது.

"எங்க தாத்தா ரங்கூன் கப்பல்ல போனவர். அந்த வழியில இப்படி ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. பர்மாவின் தென்மேற்கு முனைக்கு அப்பால் அல்குவாடா பாறைத்திட்டில் 1865-இல் எரிந்த கருங்கல் கோபுரம். ஸ்காட்லாந்தின் ஸ்கெரிவோர் கோபுரத்தை மாதிரியாக வைத்து அலெக்சாண்டர் ஃப்ரேசர் என்ற பொறியாளர் கட்டியது. பர்மா பஜாரில் கடை வைத்த முதல் தலைமுறையினரைக் கேட்டால், கப்பல் மேல்தட்டிலிருந்து இருட்டில் விளக்கு பார்த்த கதை சிலரிடமாவது கிடைக்கலாம். கேட்டு எழுதிவையுங்கள்.

தெற்கே, இலங்கையின் தென்கிழக்கில் கிரேட் பாசஸ் திட்டில் 1873-இல் எரிந்த விளக்கும் உண்டு. ஸ்காட்லாந்துக் கருங்கல்லைச் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்து பூட்டியது. உள்ளூரில் அந்தத் திட்டுக்கு ராவணன் கோட்டை என்று பெயர். 2004 சுனாமியில் அடிபட்டும் நிற்கிறது.

"ஆளே இல்லாம எரியுதாமே இப்ப?"

ஆமாம். அதன் தொடக்கம் சுவீடனின் குஸ்தாவ் டாலன். பொழுது விடிந்தால் தானாக அணைந்து, இருட்டினால் தானாக எரிகிற வாயு விளக்குக் கருவியைச் செய்தவர். 1912-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வருடம் வாயு வெடிப்பில் பார்வையை இழந்தார். கடலில் போகிற எத்தனையோ பேருக்கு வெளிச்சம் கொடுத்தவர். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் குரல் இறங்கிவிடும். பிரிட்டனில் கடைசிக் காவலர்கள் 1998-இல் இறங்கினார்கள்.

"ஜிபிஎஸ் இருக்கு, போன் இருக்கு. இனி லைட் அவுஸ் வேஸ்ட்தானே?"

இதற்கு நான் பதில் சொல்வதில்லை, படகுக்காரர்களைச் சொல்லச் சொல்வேன். பேட்டரி தீரும், தண்ணீர் புகும், திரை உடையும். விளக்கைப் பார்க்கப் படகில் எந்தக் கருவியும் வேண்டாம், கண் போதும். ஜிபிஎஸ் சொல்வதும் கண்ணுக்குத் தெரிவதும் பொருந்தவில்லை என்றால் ஏதோ தவறு என்று புரிந்துவிடும். பெரிய கப்பல் மாலுமிகளுக்கும் இதே பாடம்தான். இன்று பல கலங்கரை விளக்கங்களில் கப்பலின் ராடார் திரையில் தன் அடையாள எழுத்தைக் காட்டும் கருவியும் இருக்கிறது. சிமிட்டல் கணக்கு என்று சொன்னேனே, அதுவேதான், திரைக்கு மாறியிருக்கிறது.

"கடல் கரையை அரிச்சுக்கிட்டே வந்தா விளக்கை என்ன பண்றது?"

திருவொற்றியூர்க்காரர் கேட்டது, அவருக்குத் தெரியாத விஷயமா இது? நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகலமானது, ராயபுரத்திலிருந்து வடக்கே கரை கரைந்தது. அதனால்தான் நம் பக்கம் கரை நெடுகக் கல் கொட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஹாட்டெராஸ் முனையில் 1870-இல் கட்டிய செங்கல் கோபுரத்தைக் கடல் நெருங்கியபோது, 1999-இல் அதை அப்படியே தூக்கித் தண்டவாளத்தின்மேல் சுமார் 880 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். நம் கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட விளக்கின் இடிபாட்டை 2004 சுனாமி கொண்டுபோனது. அது நின்ற நாளிலேயே ஒழுங்காக அளந்து, படமெடுத்து, கல் கொட்டிக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

"படம் போதும் சார், நேர்ல எங்க பார்க்கலாம்?"

மெரினா விளக்கின் மேல் 2013 நவம்பரிலிருந்து மறுபடி மக்களை ஏற்றுகிறார்கள். மாமல்லபுரத்தில் 1900-களின் தொடக்கத்துக் கல் கோபுரத்தில் ஏறலாம். அதன் அருகிலேயே, ஒரு காலத்தில் விளக்கு வைத்த ஒலக்கணேசுவரர் பாறைக் கோயிலும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிடுங்கள். மேலே போகும்முன் அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. பாறைக் கரையில் நிற்கிற விளக்கு வேண்டுமென்றால் குமரி மாவட்டத்து முட்டம் போங்கள். நீதிமன்ற வளாகத்துத் தூணுக்கு உள்ளே போக அனுமதி தேவைப்படும், வாசலில் கேளுங்கள்.

பழவேற்காட்டுக்கு எண்ணூர் வழியாகப் போகிறவர்கள் மாலையில் போய், இருட்டும்வரை மணலில் உட்காருங்கள். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிமிட்டலை எண்ணுங்கள். எண்ணிக்கையை எழுதிக்கொண்டு வந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் சொல்லுங்கள்.